மடல் இல்லாத சில்வண்டு

ஒரு பூச்சியைப் பார்த்து, இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை, வேறு வீடு என்று எதை வைத்துச் சொல்வது? சாப்பாட்டு மேசையில் அத்தை இதை என்னிடம் கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கைகழுவப் போய்விட்டாள்.

அத்தை அப்படித்தான். தட்டச்சு வேலை, மருந்துக்கடை, பள்ளி ஆய்வகம் என்று எதிலும் கால் தரித்ததில்லை. வீட்டில் அவளுக்குப் பம்பரம் என்றே பெயர். மாலைக் கல்லூரியில் விலங்கியல் படித்து அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவுக்கு வந்த பிறகுதான் ஒரு வேலையில் ஒட்டினாள். அப்போதும் நாற்காலியில் ஒட்டவில்லை. நின்றுகொண்டே நுண்ணோக்கி பார்ப்பாள்.

மாமா பள்ளி வேன் ஓட்டுகிறார். அவர் வேனை நிறுத்தும் காலி மனையின் சுவரில், விடிந்தும் விடியாத ஒரு காலையில், அத்தை மூன்று ஆண் சில்வண்டுகளைப் பிடித்தாள். மண்ணுக்குள்ளிருந்து ஏறி வந்து, தோலை உரித்துப் போட்டுவிட்டு, பறக்க முடியாமல் ஒட்டிக்கொண்டிருந்தவை. மர உச்சியில் கத்துவதைப் பிடிப்பது லேசில்லை. காலடி கேட்டாலே சத்தத்தை நிறுத்திவிடும். இவற்றையோ கையாலேயே எடுத்துவிடலாம். இறக்கை விரிந்துவிட்டது, நிறமும் ஏறிவிட்டது, இன்னும் என்ன என்று எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஆண் சில்வண்டின் வயிற்றில் இருபுறமும் முரசுத்தோல் போன்ற சவ்வு உண்டு. அது அதிர்வதால்தான் அந்தக் காதைப் பிளக்கும் ஓசை. இவற்றுக்கு நெருங்கிய உறவான சில்வண்டுகளில் அந்தச் சவ்வை ஒரு மடல் மூடியிருக்கும். அத்தை பிடித்த மூன்றிலும் மடலைக் காணோம்.

அருங்காட்சியகத்தின் பெட்டிகளையெல்லாம் இழுத்து ஒப்பிட்டுப் பார்த்தாள். இப்படி ஒன்று எங்கும் இல்லை. புதிய இனம் மட்டுமல்ல, புதிய பேரினமே என்று கட்டுரை எழுதினாள். பேரினம் என்பது சாயல் ஒத்த இனங்கள் சேர்ந்திருக்கும் வீடு. அந்த வீட்டுக்குத் 'திறந்த முரசு' என்று பொருள் வரும்படி லத்தீனில் பெயரும் வைத்தாள். மாமா பூரித்துப்போய் அதை வேனின் பின்கண்ணாடியில் எழுதிவிட்டார்.

"வாய்க்குள்ள நுழையலையே!" என்றார் ஒரு பிள்ளையின் அப்பா.

"என் வீட்டுக்காரம்மா வச்ச பேருங்க. கொஞ்சம் கொஞ்சமா நுழையும்" என்றார் மாமா.

ஆய்விதழ் கட்டுரையை ஏற்றுக்கொண்டது. பிரிவுத் தலைவர் மகிழ்ச்சியில் அதன் வரைவைப் பூச்சி ஆர்வலர்களின் இணையப் பக்கத்தில் போட்டார். அச்சுக்கு முன் கடைசியாகச் சரிபார்க்க அத்தை தான் எடுத்த புகைப்படங்களைப் பெரிதாக்கினாள். மூன்று வயிறும் பக்கவாட்டில் ஒரே மாதிரி குழி விழுந்திருந்தன. முன்பும் பார்த்ததுதான், காய்ந்தால் சுருங்காதா என்று விட்டிருந்தாள். இப்போது சந்தேகம் வந்தது. நிறம் ஏறியும் உடம்பு கெட்டிப்படாமல் இருந்திருந்தால்? காயவைத்தபோது மடலும் சுருண்டு ஓரத்தோடு ஒட்டியிருந்தால்?

அது அவளுடைய முதல் பேரினம். நின்றால் அவள் பெயர் காலத்துக்கும் அதோடு சேர்ந்து வரும். விழுந்தால், அவசரக்காரி என்று வீட்டுக்குள் இருந்த பேச்சு வெளியிலும் போகும்.

"சார், அச்சை நிறுத்தணும்" என்றாள் பிரிவுத் தலைவரிடம்.

"விளையாடறீங்களா? ரெண்டு நிபுணர் படிச்சுட்டு சரின்னுட்டாங்க."

"அவங்க நான் வரைஞ்சதைத்தானே பார்த்தாங்க?"

"தப்புன்னா பின்னால யாராவது எழுதிட்டுப் போறாங்க."

"அந்த யாராவது நானாவே இருக்கேன் சார்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் போட்டார். "ஒரு வாரம். அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

பருவம் முடியும் தறுவாய். காலி மனையில் ஒரே ஒரு மரத்தில்தான் சத்தம் மிச்சமிருந்தது. அத்தை நீளக் கழியில் வலையைக் கட்டிக்கொண்டு அடியில் உட்கார்ந்தாள். சத்தம் நின்றது. எழுந்தாள், உட்கார்ந்தாள், செருப்பைக் கழற்றினாள், மாட்டினாள்.

"அசையாம இரும்மா. நீ நெளியுறது அதுக்கு அங்க வரைக்கும் தெரியுது" என்றார் வேனில் சாய்ந்திருந்த மாமா.

"நீங்க பேசுறதுதான் தெரியுது."

"சரி தாயே, நான் ஊமை."

முதல் வீச்சில் கழி கிளையில் மோதியது, பூச்சி பறந்தது. மறுநாளும் கிடைக்கவில்லை. அதற்கடுத்த மாலை, கால் மரத்துப்போகும்வரை அத்தை அசையவே இல்லை. மேலே மறுபடி சத்தம் எழுந்தது. மெல்லக் கழியை உயர்த்தினாள். வலைக்குள் அது வீறிட்டது.

லென்ஸை வைத்துப் பார்த்தாள். மடல் இருந்தது. முழுசாக மூடியிருந்தது.

"என்னம்மா?"

"இருக்குங்க. எல்லாத்துக்கும் இருக்கற மாதிரி."

மாமா வேனின் பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "கண்ணாடியை இப்பவே சுரண்டிடட்டுமா?" என்றார்.

"நாளைக்குச் சுரண்டுங்க."

மறுநாள் அத்தை அதன் இறக்கையைப் பழைய மூன்றோடு ஒப்பிட்டாள். முன்னிறக்கையின் அடிப்பகுதியில் இரண்டு நரம்புகள் ஒன்றாகக் கிளம்பிப் பிறகு பிரிந்தன. உறவுச் சில்வண்டுகளில் அவை தொடக்கத்திலிருந்தே தனித்தனி. கட்டுரையில் கடைசிப் பக்கத்தில் ஒரே வரியில் ஒதுக்கியிருந்த விஷயம். வெந்நீரில் வால்நுனியை ஊறவைத்துப் பிரித்தால், இனப்பெருக்க உறுப்பின் கொக்கியும் வேறு வடிவம். நான்கிலும் அதேதான்.

தனி வீடுதான். ஆனால் அவள் சொன்ன காரணம் பொய். பெயரும் பொய். கட்டுரையைத் திரும்பப் பெற்று, முதல் வரியிலிருந்து மாற்றி எழுதி, தான் செய்த தவறையும் அதிலேயே சேர்த்து அனுப்பினாள். "உங்களோட பெரிய ரோதனை" என்றார் பிரிவுத் தலைவர். ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

புதிய கட்டுரைக்கு இன்னும் பதில் வரவில்லை. அத்தை தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருக்கிறாள். அவளைத் தூங்கவிடாதது அது மட்டுமில்லை. பழைய வரைவை இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் அது பல கைகளுக்குப் போய்விட்டது. போன வாரம்கூட முன்பின் தெரியாத ஒருவர் ஒரு படம் அனுப்பி, "மடல் இல்லாத சில்வண்டு எனக்கும் கிடைத்துவிட்டது" என்று எழுதியிருந்தார். சுவரிலிருந்து எடுத்த பிஞ்சு, குழி விழுந்த வயிறு. அத்தை நின்றபடியே அவருக்குப் பதில் எழுதினாள்.

வரைவு போன இடத்துக்கெல்லாம் அவளால் ஒருத்தியாகப் போக முடியாது. அதனால் பூச்சி பிடிக்கும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், தோல் உரித்த கையோடு பிடித்துக் காயவைத்தால் மடல் சுருண்டு மறைந்துவிடும் என்று அவர்களிடம் சொல்லுங்கள். அவர்களும் நாலு பேரிடம் சொல்லட்டும்.