தம்பி காளையை அண்ணன் அடைத்த கதை

மாட்டை அடைப்பது சுலபம், அதை வெளியே அனுப்புவதற்குள்தான் நம்ம உயிர் போகும். இந்த வேலை பார்த்து ஊர் ஏச்சு வாங்கிய எல்லாருக்கும் இது தெரியும். எண்பதுகளில் திண்டுக்கல் பக்கம் மாட்டுப் பவுண்டுக்குக் காவல்காரன் நான். பயிரை மேய்ந்த மாட்டை யாராவது ஓட்டிவந்தால் அடைத்துவைப்பேன். சொந்தக்காரர் அபராதம் கட்டி ஓட்டிப்போகணும். கெடு தாண்டினால் ஏலம்.

ரசீதில் ஒரு சொல்

ரசீதில் 'மீட்பு' என்று அச்சடித்திருக்கும். வாயால் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். மாட்டை அவுக்கணும் என்பார்கள், அடகு நகையென்றால் திருப்பணும் என்பார்கள். ஒருநாள் பசுவை ஓட்டிப்போக வந்த பால்காரம்மா மரியம்மா ரசீதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுச் சொன்னார்: "இத எங்க வேதக்கோயில்ல, சாமி நம்மள பாவத்துலேருந்து மீட்டதுக்குத்தான்யா சொல்லுவாங்க."

தம்பியின் வீம்பு

சின்னாளபட்டிப் பக்கத்துப் பெரியசாமி, சோளத்தை மேய்ந்ததென்று தம்பி முருகேசனின் காளையை ஓட்டிவந்து அடைத்தார். பாகம் பிரித்ததிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. காளையோ, பிரிவதற்கு முன் பெரியசாமி கையால் வளர்ந்த கன்று. மனசு கேட்காமல் நானே சைக்கிளை எடுத்துக்கொண்டு முருகேசனிடம் போனேன். உழவு நேரம், ஒத்தைக் காளையை வைத்து என்ன செய்வாய், வந்து ஓட்டிப்போ என்றேன். கையில் காசு இல்லாமலில்லை. ஆனாலும் அசையவில்லை. "அடச்சவன் வந்து கூப்பிடட்டும், வாரேன்."

கெடு முடிகிற சாயங்காலம்

பெரியசாமியே அபராதத்தோடு வந்து நின்றார். காளை அவர் கையை நக்கியது. சொந்தக்காரர் கைநாட்டு இல்லாமல் நான் விட முடியாது. அன்றைக்கு மாற்று ஆள் இல்லாததால் காவலை விட்டு நகரவும் வழியில்லை. தம்பியை ஒரு வார்த்தை கூப்பிடுங்க, விடிஞ்சா ஏலம் என்று கெஞ்சினேன். மனுஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டார், ஆனால் மாட்டேனென்று தலையை ஆட்டிவிட்டார். "அதுக்கு நான் அவன் வாசல்ல போய் நிக்கணுமே, அப்பு."

ஏலத்துக்குப் பிறகு

அடிமாட்டு வியாபாரி எடுத்தான். லாரி கிளம்பிப் போனபின் முருகேசன் கையில் கயிறோடு ஓடிவந்தான். ராத்திரியெல்லாம் தூங்கவில்லையாம். நேற்று உன் அண்ணன் பணத்தோடு வந்து அழுதுவிட்டுப் போனார் என்றேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னான்: "ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒத்தச் செவருதானய்யா."

வேலி தாண்டிய மாட்டை அடைக்கத்தான் எனக்குச் சம்பளம், தாண்டவேண்டிய நேரத்தில் தாண்டாத மனுஷனை என்ன செய்வதென்று எந்த ஆபீசரும் சொல்லித்தரவில்லை.