சப்போர்ட்டுன்னு நான் வெச்ச ஸ்டேட்டஸ்

எங்க சொந்தக்காரப் பையன், பதினேழு வயசு, பைக் திருட்டு கேஸ்ல மாட்டிகிட்டான். அவன் எடுக்கவே இல்லீங்க. விசாரணைக்கு ஏற்காட்டுலருந்து சேலத்துக்கு பஸ்ல போறப்ப, கடுப்புல அவன் போட்டோவ, பேரோட, "நிரபராதி"ன்னு ஸ்டேட்டஸ் வெச்சேன். செம கெத்தா இருந்துச்சு.

சிறார் கோர்ட்டுல அவனுக்கு வாதாடற வக்கீல் அக்காகிட்ட பெருமையா காட்டுனேன்.

"ஏங்கண்ணு, அவனக் காப்பாத்தறியா, காட்டிக் குடுக்கறியா? மொதல்ல அழி!"

"ஏனுங்கக்கா, நல்லதுதான போட்டேன்?"

"சின்னப் பசங்க கேஸ்ல பேரு, போட்டோ எதுவும் வெளிய வரக்கூடாது, அதான் சட்டம். நாம ஜெயிச்சாலும் ஊரு அவன 'பைக் திருடுன பையன்'னுதான் கூப்புடும்."

இப்படியொரு சட்டமான்னு நொம்ப ஆச்சரியமாயிருச்சு. ஒடனே அழிச்சுட்டேன். நல்லவேள, அடிவாரம் வரைக்கும் சிக்னல் இல்லாததால ஸ்டேட்டஸ் லேட்டாத்தான் ஏறிருக்கு, நாலு பேருதான் பாத்துருந்தாங்க. அப்பறம் கேஸுலருந்தும் அவன விட்டுட்டாங்க.

இப்பல்லாம் யாரப் பத்திப் போட்டாலும் அவங்களக் கேட்டுட்டுதான். இத எழுதறதுக்கும் அந்தப் பையங்கிட்ட கேட்டேன். "எழுதிக்க, எம்பேரு மட்டும் வேண்டாம்"னான்.