ரக்பி இறுதி ஆட்டமும் புரட்டாசிச் சனியும்

சனிக்கிழமை ரக்பி லீக் இறுதி ஆட்டம். எந்த மைதானத்தில் நடத்துவது என்று சிட்னிக்காரர்கள் மாதக்கணக்காகச் சண்டை பிடித்து, ஒருவழியாக முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

யார் வீட்டில் பார்ப்பது என்ற எங்கள் சண்டைதான் முடியவில்லை.

இன்று மத்தியானம் செவன் ஹில்ஸ் தொழிற்சாலைக் கன்ரீனில் தமிழர்கள் எல்லோரும் கூடினோம்.

கலர் டிவி இந்த நாட்டுக்கு வந்தே கொஞ்சக் காலம்தான். எங்களுக்குள் அதை வாங்கியவர் சிவம் அண்ணை மட்டும். வாங்கிய நாள் முதல் வாயில் வேறு கதை இல்லை.

"அப்ப உங்கட வீட்டிலதானே அண்ணை?"

"ஓம், வாங்கோ. ஆனா புரட்டாசிச் சனி, மனுசி விரதம். மச்சம் மாமிசமும் இல்லை, பியரும் இல்லை."



"என்ர டிவி கறுப்பு வெள்ளைதான், படமும் ஆடும்," என்றான் இன்னும் கலியாணம் கட்டாத குணம். "ஆனா ஆட்டிறைச்சிக் கறி இருக்கு. பியரும் இருக்கு."

நிறமா முக்கியம், விளையாட்டல்லவா முக்கியம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம்.

குணம் வீட்டுக்கு என்று முதலில் கை தூக்கியவர் சிவம் அண்ணை. "மனுசியிட்ட ஓவர்டைம் எண்டு சொல்லிப்போட்டு வாறன்."

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. எந்த அணிகள் மோதுகின்றன என்று ஒருவரும் கேட்கவில்லை. தெரிந்தவர்கள் கீழே எழுதிவிட்டுப் போங்கள்.