கெட்டின்னு என்னை யாரும் சொன்னதில்லை

கெட்டின்னு ஒரு வார்த்தை இருக்கே, அதைக் கேட்டா இன்னிக்கும் எனக்கு வயத்துல லேசா எரியும். வார்த்தை மேல தப்பில்லை. அது எப்பவும் அடுத்தவனுக்கே போய்ச் சேர்ந்துது, அதான்.

அறுபதுகள்ல பம்பாய் மாதுங்காவுல, வராந்தாவை ஒட்டி வரிசையா ஒத்தை ரூமா இருக்கிற ஒரு சால்ல ரூம் எடுத்துத் தங்கியிருந்தேன். கூட ஒருத்தன். ஒரே ஆபீஸ், ஒரே சம்பளம், ஒரே மெஸ்ஸுல சாப்பாடு. ஆனா மெஸ் மாமா அவன் இலைக்கு மட்டும் கரண்டியை அடிவரைக்கும் விட்டுக் கெட்டிக் குழம்பா எடுப்பார். என் இலைக்கு வரும்போது மேலாகத் தெளிவா மொண்டு விடுவார். கேட்டா, "உனக்கு வயிறு சரியில்லையோன்னு நெனச்சேன்"ம்பார். என் மூஞ்சி அப்படி.

ஆபீஸ்ல ஹெட் கிளார்க், "அவன் கணக்குல கெட்டி"ம்பார். ஜுரத்தோட வேலைக்கு வந்தான், உடம்பு கெட்டி. ஊர்லேர்ந்து சாவுச் சேதி வந்தும் கலங்காம டிக்கெட் எடுத்தான், மனசு கெட்டி. பஸ்ஸுக்குக் குடுக்காம தாதர் வரைக்கும் நடந்தே போவான், கை கெட்டி. கஞ்சன்னு சொல்ல வேண்டியதைக்கூட அவனுக்கு மட்டும் மரியாதையாச் சொன்னா. எதிர் ரூம் மராட்டிக்காரருக்குத் தமிழ் தெரியாது. அவரும் விடலை. "பக்கா ஆத்மி", கெட்டியான ஆள்னு அவன் முதுகைத் தட்டுவார். எனக்கும் வார்த்தைகள் இருந்துது. சாது. பாவம். பரவாயில்லை. மூணும் தண்ணி கலந்த பால்.

இந்த நிலைமையிலதான் செம்பூர்ல தெரிஞ்சவா ஆத்துக் கொலுவுல அந்தப் பொண்ணைப் பார்த்தேன். சுண்டல் பொட்டலத்தைக் குடுத்துட்டு, "இன்னொண்ணு வேணுமா?"ன்னு கேட்டா. என்கிட்ட யாரும் எதையும் இன்னொண்ணு வேணுமான்னு கேட்டதில்லை. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். அம்மாவுக்குச் சொல்லி, ஜாதகம் போய், பொருந்தறதுன்னு பதிலும் வந்துடுத்து. பாக்கி இருந்தது விசாரணைதான்.

பம்பாய்ல இருக்கிற பையனுக்கு அப்பா அம்மா ஊர்ல இருப்பா. அதனால பொண்ணோட மாமாவோ சித்தப்பாவோ சொல்லாம கொள்ளாம ரூமுக்கு வந்து, கூட இருக்கிறவனைக் குடைவார். எங்க சால்ல அதுக்கு ஒரு முறையே இருந்துது. யாரைப் பத்தி விசாரணையோ அவன் வெளியில போயிடணும். ரூம்காரன் சர்டிபிகேட் குடுக்கணும்.

ஒரு ஞாயித்துக்கிழமை காலம்பற குடையும் விபூதியுமா ஒருத்தர் மாடிப்படி ஏறி வந்தார். பார்த்த உடனே செம்பூர் மாமான்னு புரிஞ்சுடுத்து.

"டேய், வேற ஒண்ணும் வேண்டாம். என்னைக் கெட்டின்னு ஒரு வார்த்தை சொல்லிடு, போறும்"னேன்.

"கவலையை விடு. ஜமாய்ச்சுடறேன்"னான்.

நான் வாளியை எடுத்துண்டு வராந்தாவுல குளிக்கிற கியூவுல நின்னுண்டேன். எங்க ஜன்னல் பக்கத்துலயே கியூ. பின்னாடி வந்தவாளையெல்லாம், "நீங்க போங்கோ, நீங்க போங்கோ"ன்னு முன்னாடி அனுப்பினேன். காது மட்டும் ரூமுக்குள்ள.

"பையன் எப்படி?"

"தங்கமான பையன் மாமா. ரொம்பக் கெட்டி."

"எதுல?"

நல்ல கேள்வி. அவனுக்குத் தெரிஞ்ச கெட்டி அவன் ஒருத்தன்தானே? அதனால அவனையே எடுத்து விட ஆரம்பிச்சான்.

"தாதர் வரைக்கும் நடந்தே போவான் மாமா. ஜுரம் வந்தாலும் லீவ் போட மாட்டான்."

மாமா காப்பி உறிஞ்சற சத்தம் கேட்டுது.

"காப்பி யார் போட்டது?"

"நான்தான் மாமா."

"டிகாக்‌ஷன் நன்னா இறங்கியிருக்கு. அந்தப் படுக்கையை அழகா மடிச்சு வச்சிருக்கே, அது யாரோடது?"

"அதுவும் என்னோடதுதான்."

"பக்கத்துல சுருட்டிப் போட்டிருக்கே?"

அவன் பொய் சொல்ல மாட்டான். அதுலயும் கெட்டி. "அது அவனோடது மாமா. அவசரத்துல போயிட்டான்."

மாமா தொண்டையைச் செருமிண்டு கேட்டார்:

"ஏம்ப்பா, உனக்கு என்ன கோத்திரம்?"

வாளி என் கையிலேர்ந்து விழுந்துடுத்து. கல்யாண வயசுல பொண்ணை வச்சிண்டிருக்கிறவா யாரும் பொழுதுபோக்குக்காகக் கோத்திரம் கேக்க மாட்டா. அவனும் சொல்லித் தொலைச்சான். பொண்ணுக்கு வேற கோத்திரமாப் போச்சு, தடையே இல்லை. என் அதிர்ஷ்டம், அவனோட ஜாதகமும் பொருந்தித்து.

"சத்தியமா நான் உனக்காகத்தாண்டா பேசினேன்"னான். அதுவும் நிஜம். அவன் மேல கோவப்படக்கூட எனக்கு ஒரு காரணம் கிடைக்கலை. அந்த மாசம் பூரா அவன் தூங்கும்போது அவனையே பார்த்துண்டு படுத்திருந்தேன். குறட்டை கூட விட மாட்டான், படுபாவி.

அவனுக்கும் அவளுக்கும் மாதுங்காவுலயே கல்யாணம். "கெட்டிமேளம், கெட்டிமேளம்"னு சாஸ்திரிகள் விரலை ஆட்டினார். அங்கயும் அதே வார்த்தை. நான் போட்ட அட்சதை கொஞ்சம் வேகமாப் போயிடுத்து. மாப்பிள்ளை கண்ணைக் கசக்கினதைப் பார்த்து, ஆனந்தக் கண்ணீர்னு பக்கத்து மாமி சொன்னா.

ஆறேழு மாசம் கழிச்சு, செம்பூர்ல அவா குடித்தனத்துக்குச் சாப்பிடக் கூப்பிட்டா. போகக் கூடாதுன்னு நெனச்சுண்டே போனேன். சாம்பாரைக் குறை சொல்ல முடியலை. கறியையும் முடியலை. கடைசியில தயிர் வந்துது. சாதத்துல விட்டா பாருங்கோ, அது நிக்கவே இல்லை. தட்டோட அந்தக் கோடிக்கு ஓடித்து. என் ரூம்காரன் தலையைக் குனிஞ்சுண்டு, எத்தனையோ நாளாப் பழகினவன் மாதிரி சத்தமில்லாமப் பிசைஞ்சுண்டிருந்தான்.

"தயிர் எப்படி இருக்கு?"ன்னு அவ கேட்டா.

"நல்ல கெட்டி"ன்னேன். அந்த வார்த்தையை நான் மனசாரச் சொன்னது அன்னிக்குத்தான்.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவ அதைக் கவனிக்கலை. கிண்ணத்தைச் சாய்ச்சுண்டே, "இன்னும் கொஞ்சம் வேணுமா?"ன்னா.

"தாராளமா விடுங்கோ"ன்னேன்.