மஞ்சள் விளக்கோடு திண்டிவனம் வரை

காலை ஏழு மணிக்கு விழுப்புரத்திலிருந்து வண்டியைக் கிளப்பினேன். பக்கத்தில் என் மகள் ஸ்டெல்லா, டிக்கியில் அவள் பெட்டி. ஊர் தாண்டுவதற்குள் டேஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு வந்துவிட்டது. கார் ஒன்று வழுக்கிக்கொண்டு போவதுபோல ஒரு படம். சக்கரம் ஈரத்தில் சறுக்காமல் பிடிக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் வேலை செய்யவில்லை என்று அதற்கு அர்த்தமாம்.

நான் நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை ஏற்றும் லாரியில் கிளீனராக ஏறி, இன்றைக்குச் சொந்தமாக மூன்று லாரி ஓட்டுகிறேன். பெண்ணுக்கு இப்படி ஒரு வண்டியைச் சீர்வரிசையாகக் கொடுத்தவன் எங்கள் தெருவில் யார் என்று யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அந்த வண்டியையும் பெண்ணையும் கல்யாணமாகி வருஷம் திரும்புவதற்குள் திண்டிவனத்து மாமியார் வீட்டிலிருந்து சேர்த்தே அனுப்பிவிட்டார்கள். "உங்க பொண்ணு ஓட்டித்தான் கெட்டுச்சு. லைட்ட சரி பண்ணி, வண்டியையும் அவளையும் கொண்டாந்து வுடுங்க" என்று சம்மந்தியம்மா போனில் சொன்னார். எங்கள் கிறிஸ்தவ வேதத்தில் கோயிலில் கட்டின கட்டு கட்டினதுதான். ஆகவே அந்த விளக்கு அணைந்தே ஆகவேண்டும். அணைந்தால் வண்டியையும் மகளையும் விட்டுவிட்டு நான் பஸ்ஸில் திரும்புவதாக ஏற்பாடு.

விழுப்புரத்தில் இரண்டு ஒர்க்‌ஷாப் பார்த்தாயிற்று. ஒருவன் சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சாரை மாற்றினான். இன்னொருவன் ஒயரை மாற்றினான். இரண்டு தடவையும் அணைந்தது, இரண்டு தடவையும் பத்து கிலோமீட்டரில் திரும்ப வந்தது.

கூட்டேரிப்பட்டில் டீக்கு நிறுத்தினேன். ஸ்டெல்லா வேண்டாம் என்றாள்.

"லைட்டு இன்னிக்கு அணைஞ்சிடும்மா. உங்கப்பன் தொட்டு எது ஆவாம போச்சு?"

"அணைஞ்சா?" என்றாள். நான் டீயைக் குடித்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

திண்டிவனம் விழுப்புரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள்தான். மரக்காணம் ரோட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற ஒர்க்‌ஷாப். மெக்கானிக் ஒயரைச் சொருகிப் பார்த்தார்.

"முன்சக்கரம் ரெண்டும் பின்சக்கரத்தவிட வேகமா சுத்துதுன்னு காட்டுது பெரியவரே. சென்சாரு மாத்திப் பாக்கலாம்."

"ஏம்பா, பின்சக்கரத்த வுட்டுட்டு முன்சக்கரம் மட்டும் ஜல்தியா எங்க போயிடும்? மாமியார் வூட்டுக்கா?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. லாரியில் தெரியாததா? டயர் சிறுத்தால் அதே தூரத்துக்கு அதிகமாகச் சுற்றும். குனிந்து பார்த்தேன். இங்கிலீஷ் வராது, நம்பர் வரும். பின் டயரின் அளவு 215. முன்னால் 205, அதுவும் தேய்ந்த டயர். சாக்பீஸ் வாங்கி நான்கு டயரிலும் தரை தொடும் இடத்தில் கோடு போட்டு, மெக்கானிக்கோடு சேர்ந்து வண்டியைத் தள்ளினேன். முன்கோடு ஒரு சுற்று சுற்றித் தரைக்கு வந்துவிட்டது. பின்கோடு தரையைத் தொட இன்னும் நாலு விரற்கடை பாக்கி.

"கம்ப்யூட்டரு சக்கரம் சறுக்குதுன்னு நெனச்சிக்கினு இருக்குது. நீங்கதான் கரெக்ட்டு" என்றார் மெக்கானிக். பெருமைப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் நான் கொடுத்த வண்டியில் நான்கும் புது டயர், நான்கும் ஒரே அளவு.

ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் ரோட்டைப் பார்த்தாள்.

"முன்டயரு ரெண்டையும் அவுங்க அண்ணன் காருக்கு மாத்திக்கினாங்கப்பா."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க அங்க வந்து சத்தம் போடுவீங்க. அப்புறம் நான் எங்க போறது?"

லோடு தகராறில் எதிராளி பத்து பேரானாலும் வாயை மூடாதவன் நான். அன்றைக்கு மூடிக்கொண்டேன். பக்கத்துக் கடையில் சரியான அளவில் இரண்டு டயர் வாங்கிப் போட்டேன். மெக்கானிக் கம்ப்யூட்டரில் பழைய கோளாறை அழித்துக் கொடுத்தார். பிரம்மதேசம் வரை ஓட்டித் திரும்பினோம். விளக்கு வரவில்லை.

மதியம் பன்னிரண்டுக்குச் சம்மந்தி வீடு. போர்டிகோவில் மாப்பிள்ளையின் அண்ணன் கார் நின்றது. அதன் முன்சக்கரத்தில் 215. பார்த்துவிட்டு, பார்க்காதவன்போல உள்ளே போனேன். ஸ்டெல்லா பெட்டியோடு வாசல்படியில் நின்றாள்.

"லைட்டு போயிடுச்சுங்களா சம்மந்தி? நல்லது" என்றார் சம்மந்தியம்மா. "ஏசி காத்துகூடப் பத்தல. அதையும் பாத்து எடுத்துக்கினு வந்துடுங்க. இவ அதுவரைக்கும் உங்க வூட்டுலயே இருக்கட்டும்."

மாப்பிள்ளை போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. "அம்மா சொல்றது சரிதானே மாமா."

"நாளைக்கே பாத்துடறேங்க" என்று நான்தான் சொன்னேன். பெட்டியைத் திரும்ப டிக்கியில் வைத்தேன்.

ஏசி நன்றாகத்தான் குளிர்ந்தது. விக்கிரவாண்டி டோல்கேட்டில் கண்ணாடியை இறக்கினேன்.

"ஒரு பக்கமா, ரிட்டனா ஐயா?"

"ரிட்டன் குடுப்பா. நாளைக்குக் காலையில திரும்பணும்."

ஸ்டெல்லா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "ஒரு பக்கம் போதும்ங்க" என்றாள் டோல்காரரிடம்.

டோல்காரர் என்னைப் பார்த்தார். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். ஒரு பக்கத்துக்கே கொடுத்தேன். விழுப்புரத்தில் இவள் அம்மா என்ன சொல்வாள், கோயிலில் யார் யார் கேட்பார்கள், இவளுக்கு இனி என்ன வழி என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை. டோல் கட்டையைத் தூக்கினார்கள். வண்டியை எடுத்தேன்.