சுட்டி போட்ட சிலுவை

ரீட்டாக்கா இறந்துவிட்டார் என்று அவருடைய தம்பி போனில் சொன்னபோது, அக்காவின் கை என் எதிரே கணினியில் ஓடிக்கொண்டிருந்தது. இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருப்பவர்களில், சந்தாபுரா அலுவலகத்தில் அவரோடு வேலை செய்தவர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

எங்களுடையது மருத்துவக் காப்பீட்டுப் பிரிவு. எந்த நோயாளிக்கு ஒப்புதல் தரலாம் என்று அக்கா கோப்பைப் படித்து முடிவு செய்வார். ஒப்புதல் என்று முடிவான கோப்புகளைக் கணினியில் ஏற்றும் வேலையை ஒருமுறை தானே செய்து, மவுஸ் போன வழியையும் தட்டிய எழுத்துகளையும் பதிவு செய்து வைத்திருந்தார். பிளேயை அழுத்தினால் போதும், ஒவ்வொரு கோப்புக்கும் அதே வழியில் திரையில் சுட்டி தானாகவே போகும். நெஞ்சு வலிக்கிறது என்று அவர் லீவு போட்டிருந்ததால் அன்று அதன் முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன்.

அது ஓடும்போது அவர் நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லை. "வாங்கக்கா, காபி குடிக்கலாம். அது பாட்டுக்கு ஓடட்டும்" என்று கேலி செய்வோம். "அதுக்குக் கண்ணு கிடையாதுப்பா, கை மட்டும்தான். ஸ்கிரீன் கொஞ்சம் நகந்தாலும் பழைய எடத்துலயேதான் போய் அமுக்கும். எவன் உசுரோ அது" என்பார். அந்தப் பயம் எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது.

அக்கா காக்ஸ் டவுன்காரர், மாதா கோயிலுக்குப் போகாமல் ஞாயிற்றுக்கிழமை கழியாது. ஒப்புதல் பொத்தானின் மேல் சுட்டியால் சின்னதாக ஒரு சிலுவை போட்டுவிட்டுத்தான் அழுத்துவார். பதிவிலும் அது விழுந்துவிட்டது. "ஏன் மேடம், அந்தக் கோடு எதுக்கு? எடுத்துட்டா ஸ்வல்ப வேகமா முடியுமில்ல?" என்று மேனேஜர் ஒருநாள் கேட்டார். "அந்த நேரத்துலதான் சார் நான் பாக்கறேன்" என்றார் அக்கா.

போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். இறந்துபோனவரின் சுட்டி, அவர் தயங்கும் இடங்களில் தயங்கி, ஒரு குழந்தையின் இதய அறுவைச் சிகிச்சைக் கோப்பைத் திறந்தது. அந்த நேரம் பார்த்துத் திரையின் உச்சியில் ஏதோ அறிவிப்பு வந்து, எல்லாவற்றையும் ஒரு வரி கீழே தள்ளியது. ஒப்புதல் இருந்த இடத்துக்கு மறுப்பு வந்துவிட்டது. சுட்டி அதன் மேல் போய் நின்று சிலுவை போடத் தொடங்கியது. எந்த விசை என்றுகூடத் தெரியாமல் தேடி, எஸ்கேப்பை ஓங்கி அடித்தேன். சிலுவை பாதியில் நின்றது. அந்த ஒப்புதலை என் கையாலேயே அழுத்தினேன்.

அடக்கம் முடிந்து வந்த மறுநாள் மேனேஜர் என் மேசைக்கு வந்தார். "பாவம், அவங்களே போயிட்டாங்க. இனிமே அந்தக் கோட்டை எடுத்துடலாமா? ஆள் உக்கார வேண்டியதில்ல."

நடந்ததைச் சொன்னேன். "கோடு இருக்கட்டும் சார். நான் உக்காந்துக்கறேன்" என்றேன்.

அக்காவின் சிரிப்பையும் கிறிஸ்துமஸ் கேக்கையும் நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். நான் வைத்துக்கொண்டிருப்பது அவருடைய பயத்தை. எங்கள் எல்லோருக்குமாக அவர் ஒருவரே பயந்துகொண்டிருந்ததால்தான் நாங்கள் நிம்மதியாகக் காபி குடிக்கப் போனோம். இப்போதும் எல்லோரும் போகிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். நான் எழுந்திருப்பதில்லை.