மச்சானின் கையை உடைத்தவன் நான்

சபையாரே, உங்கள் முன்னால் சாட்சி சொல்ல நிற்கவே எனக்கு நடுக்கமாக இருக்கிறது. ஆனாலும் ஆண்டவர் எனக்குச் செய்ததை மறைக்க முடியவில்லை.

என் மாமனார் ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோகலாம் என்றேன் நான். வீட்டுக்கே கொண்டுபோவோம் என்றான் மனைவியின் தம்பி சார்லஸ். வாய்ச்சண்டை முற்றி, ஆஸ்பத்திரி மாடிப்படியில் அவனைத் தள்ளிவிட்டேன். இடது முழங்கை உடைந்தது. போலீஸ் கேஸ் ஆனது. அவனாகத் தவறி விழுந்தான் என்றே நான்கு வருடம் சாதித்தேன்.

போன வருடம் சிதம்பரம் கோர்ட்டில் எனக்கு ஒரு வருடச் சிறைத் தண்டனை சொன்னார்கள். அப்பீலுக்காகத் தண்டனையை நிறுத்திவைத்தார்கள். கடலூரில் அப்பீல் போட்டோம்.

அதன்பிறகு பயம்தான். நான் எலக்ட்ரீசியன். வயரைத் தொட்டாலும் நினைப்பு கோர்ட்டில்தான் இருக்கும். வக்கீல் போன் வந்தால் எடுக்காமல் விட்டுவிடுவேன். அப்பா ஜெயிலுக்குப் போயிட்டாரா என்று பள்ளிக்கூடத்தில் என் மகளைக் கேட்பார்களே என்று நினைத்தாலே சோறு இறங்காது.

கடலூர் பஸ்ஸில் போகும்போதெல்லாம், "என்னை விடுவியும் ஆண்டவரே" என்று ஜெபிப்பேன். ஒருநாள் உபவாச ஜெபத்தில் முழங்கால் போட்டேன். நான் குற்றமற்றவன் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. மனிதரிடம் சரளமாக வந்த பொய் அவரிடம் வரவில்லை. அழுதேன்.

மனைவி எஸ்தரிடம் உண்மையைச் சொன்னேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும். நீங்களா சொல்லட்டும்னுதான் இருந்தேன்" என்றாள். "தம்பிகிட்டயும் போய்ச் சொல்லுங்க."

நெல்லிக்குப்பத்தில் அவன் வீட்டு வாசலில் நின்றேன். "மச்சான், நான்தான் தள்ளுனேன். கோர்ட்டுல பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிடு."

சார்லஸ் கதவைச் சாத்திக்கொண்டான்.

இதைக் கேட்டதும் என் வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். "என்ன சார் பண்ணிட்டீங்க? உங்க மச்சான் இதைக் கோர்ட்டுல சொன்னா அவ்ளோதான்."

விசாரணை நாளன்று மாற்றுத்துணியும் வேதாகமமும் பையில் எடுத்துக்கொண்டே போனேன். திரும்பி வருவேன் என்ற நம்பிக்கை இல்லை.

சார்லஸ் கோர்ட்டுக்கு வந்திருந்தான். என் முகத்தைப் பார்க்காமல், சமாதானமாகப் போகிறேன், மனு எழுதுங்கள் என்று என் வக்கீலிடம் சொன்னான்.

யாராவது மிரட்டினார்களா என்று நீதிபதி அவனைக் கேட்டார்.

"இல்லீங்கய்யா. என் இஷ்டத்துலதான் சொல்றேன்."

நீதிபதி சமாதானத்துக்கு அனுமதி கொடுத்து என்னை விடுதலை செய்தார்.

வெளியே வந்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவன்தான் பேசினான். "கை ஒடைஞ்சதைவுட, தானா வுழுந்தான்னு என்னைப் பொய்யனாக்குனதுதான் மாமா ஜாஸ்தி வலிச்சுது."

அவனுடைய அந்தக் கை இன்னும் முழுசாக நீளவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கள் வீட்டில் சாப்பிடும்போது அது என் கண்ணில் படும். தலை குனிந்துகொள்வேன். கோபம் வரும்போது இப்போதெல்லாம் இடத்தைவிட்டு எழுந்து போய்விடுகிறேன்.

இங்கே பயத்தோடு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். உள்ளதை உள்ளபடி ஆண்டவரிடம் சொல்லிவிடுங்கள். நடுங்கிக்கொண்டே சொன்னாலும் அவர் கேட்பார். நான் சொன்னதைக் கேட்டார். அவருக்கே மகிமை.